ரபின்னா பாதிரியார் இல்ல

ஆசிரியர் அவுகளுக்கு,

காரைக்குடி பக்கம் கண்டனூர்லேருந்து எழுதுறேன். போன ஞாயித்துக்கெழம உங்க இணைப்புல முற்போக்கு யூத ரபி ஒருத்தர் அவுக மதத்தையும் இந்தக் காலத்து வாழ்க்கையையும் பத்தி யோசிச்சதச் சுருக்கி ஒரு கட்டுரை போட்டிருந்தீக. நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அரைப் பக்கத்துல அடைக்கப் பாத்து பாதிய வெட்டிட்டீக போல, கடைசிப் பத்தி டீசல் தீந்த பஸ்ஸு மாதிரி பாதியில நிக்கிது. அது போகட்டும். கட்டுரை முழுக்க "யூதப் பாதிரியார்"னு அச்சடிச்சிருக்கீகளே அதுதான் உறுத்துது. ரபிங்கிறது எபிரேயத்துல "என் குருவே"ன்னு கூப்புடுற வார்த்தை. நம்ம தமிழ் பைபிள்ல யோவான் சுவிசேஷத்துலயே ரபீன்னா போதகரேன்னு அர்த்தம்னு சேத்தே எழுதியிருக்கு, கான்வென்ட்டுல படிச்சவுக யாரக் கேட்டாலும் சொல்லுவாக. கடவுளுக்கும் நமக்கும் நடுவுல நின்னு பூசை பண்ற ஆளு இல்ல அவுக, வாத்தியாரு. தொழுகைய விவரம் தெரிஞ்ச யாரும் நடத்தலாம், ரபி வந்தாத்தான் ஆகும்னு இல்ல. ரபிகிட்ட சந்தேகம் கேக்கலாம், சொன்ன பதிலுக்கு எதுத்துச் சண்டையும் போடலாம்.

இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும்னு கேப்பீக. என் கொழுந்தனார் மகன் எங்க வீட்டுல அவன் பங்குக்கு வந்த நாலு ரூம சரி பண்ணி டூரிஸ்ட்டுக்கு விடுறான், சமையல் ஆளு வராத அன்னைக்கு நாந்தான் போயி நிக்கணும். ரெண்டு வருஷம் முந்தி தை மாசம் லண்டன்லேருந்து ஒரு அம்மா வந்து நாலு நாள் தங்குனாக. அறுபது வயசு இருக்கும், நரைச்ச கிராப்பு, காட்டன் பேண்ட்டு, கையில பழைய வாட்ச்சு. ரிஜிஸ்டர்ல தொழில்னு இருக்குற எடத்துல ரபின்னு எழுதியிருக்காக, எங்க பய அதப் படிச்சுட்டு பொம்பளைக்கு ரவின்னு யாராச்சும் பேரு வைப்பாகளா பெரியம்மான்னு எங்கிட்ட வந்து கேக்குறான். எனக்கும் ரபின்னா நீளத்தாடி வச்ச ஆம்பளைதான் மனசுல இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கெழம சாயங்காலம் அஞ்சு மணி போல அடுப்படிக்கு வந்து, தயங்கித் தயங்கி, ரெண்டு மெழுகுவத்தியும் ரெண்டு ரொட்டியும் கெடைக்குமான்னு கேட்டாக. மெழுகுவத்திக்கு என்ன பஞ்சம், கரண்டு போற ஊரு. அவுக ரொட்டிக்கு இங்க எங்க போறது, பஸ் ஸ்டாண்டு பேக்கரியில ரெண்டு பன்னு வாங்கியாரச் சொன்னேன், அதான் இருக்குறதுலயே மெத்துனு இருக்கும். ஏன் ரெண்டுன்னா, மோசே காலத்துல வனாந்தரத்துல சனம் அலைஞ்சப்ப வானத்துலேருந்து மன்னான்னு சாப்பாடு விழுந்துச்சாம், ஏழாம் நாளு விழாதுங்கிறதால வெள்ளிக்கெழம ரெட்டைப் பங்கு விழுமாம், அந்த ஞாபகம். வைனுக்குப் பதிலா கறுப்பு திராட்சை ஜூஸ். பட்டாலையில ஒரு பித்தளத் தாம்பாளத்தக் கவுத்து வச்சு அது மேல மெழுகுவத்திய நிறுத்தி, பொழுது சாயுற நேரத்துக்கு ஏத்தி, ரெண்டு கையாலயும் வெளிச்சத்த மூணு தடவ தன் பக்கமா அள்ளி, கண்ண மூடிக்கிட்டு மெல்ல என்னமோ சொன்னாக. நாம ஆரத்திய ஒத்திக்கிறதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியல. வளவுல வேல பாத்துக்கிட்டு இருந்த பொண்ணு தானா வெளக்குமாத்தக் கீழ வச்சுட்டு நின்னுச்சு.

அப்பறம் போன ஆஃப் பண்ணி பையில போட்டாக, மறுநாள் ராத்திரி வரைக்கும் எடுக்கல. ஆனா ஃபேன் சுவிட்ச அவுகளே போட்டாக. எங்க பய கூகுள்ல பாத்து வச்சிருந்தான் போல, யூதங்க சனிக்கெழம சுவிட்சத் தொட மாட்டாகளாமேன்னு கேட்டுட்டான். அதுக்கு அந்தம்மா உக்காந்து பொறுமையா சொன்னாக. அவுக மரபுல ஓய்வு நாளுல செய்யக்கூடாத வேலைன்னு 39 வகை இருக்கு, உழுறது, நெய்யுறது, ரெண்டெழுத்து எழுதுறது, நெருப்பு மூட்டுறது இப்படி. கரண்டு வந்தப்ப பழைமைய விடாத ரபிக சுவிட்சு போடுறதும் ஆகாதுன்னு சேத்துட்டாக, முற்போக்கு ஆளுக பெரும்பாலும் அப்படி எடுத்துக்கிறதில்ல. ஆனா வேலை வேணாம்னு சொன்னதுக்கு உள்ள இருக்குற எண்ணம் என்னன்னு தேடணும்ல, இன்னைக்கு என்னையவே உழுறது எதுடா, ஏருல்ல, இந்த போனுதான், அதனால நான் விடுறது இதன்னு சொன்னாக. நான் முப்பத்தோரு வருஷம் பேங்க்குல இருந்துட்டு ரிடையர் ஆனவ, இப்பவும் குடும்ப வாட்சப் குரூப்புல ராத்திரி பதினோரு மணிக்கு குட்நைட் படம் பாத்துட்டுத்தான் படுக்குறேன், கேக்கச் சுருக்குனுதான் இருந்துச்சு.

மறுநாள் ராத்திரி வானத்துல மூணு நட்சத்திரம் தெரிஞ்சதும் ஓய்வு நாள வழியனுப்புற சடங்கு. அதுக்கு வாசனை சாமான் ஏதாச்சும் வேணும்னாக. எங்கிட்டயா! அஞ்சறைப் பெட்டிய அப்படியே தூக்கிக் குடுத்தேன். கிராம்பு பட்டை அவுகளுக்குத் தெரியும், மராட்டி மொக்க எடுத்து உருட்டி உருட்டி மோந்தாக. ஓய்வு நாளு போயிருச்சேன்னு வாடுற மனச வாசனை தேத்துமாம். கடைசியா நெருப்பு வெளிச்சத்துல வெரல மடக்கி நகத்துல வெளிச்சம் படுறதப் பாக்கணும். நானும் பாத்தேன். பாத்திரம் தேச்சுத் தேச்சு தேஞ்ச நகம்.

உங்க கட்டுரையில இந்த முற்போக்கு மார்க்கம் என்னமோ நேத்து லண்டன்லயோ அமெரிக்காவுலயோ மொளச்ச மாதிரி இருக்கு. 200 வருஷமாச்சு. 1818ல ஜெர்மனி ஹாம்பர்க்ல கொஞ்சப் பேரு தனியா ஒரு தொழுகைக்கூடம் தொறந்து, சனத்துக்குப் புரியுற ஜெர்மன் பாஷையிலயும் பிரார்த்தனை, பிரசங்கம், ஆர்கன் வாத்தியம்னு ஆரம்பிச்சாக, ஊரு ரபிகெல்லாம் கூடி இது ஆகாதுன்னு புஸ்தகமே போட்டாக. தமிழ்ல அர்ச்சனை பண்ணலாமா கூடாதான்னு நாம போட்ட சண்டைய நெனச்சுக்கோங்க, வேற வெளக்கமே வேணாம். 1885ல அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல கூடுன ரபிக இன்னும் ஒரு படி மேல போயி சாப்பாட்டுக் கட்டுப்பாடு, உடைக் கட்டுப்பாடெல்லாம் இந்தக் காலத்துக்கு ஒட்டாதுன்னு எழுதியே வச்சுட்டாக. ஆனா அதுக்கப்பறம் வந்த தலைமுறைக விட்டதுல பாதியத் தேடி எடுத்துக்கிச்சு, எபிரேயம் திரும்ப வந்துச்சு, தலைக்குக் குல்லா வந்துச்சு, பொம்பளைகளும் போட்டுக்கிறாக. எங்க பாட்டி இந்த மெழுகுவத்திய மூடநம்பிக்கைன்னு விட்டவுக, நான் எடுத்துக்கிட்டேன்னாக அந்தம்மா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எங்க வீட்டுல தொண்ணூறுகள்ல ஆத்தங்குடிக் கல்லப் பேத்துட்டு கிரானைட் போட்டோம், இப்ப எங்க பய டூரிஸ்ட்டுக்காக கிரானைட்டப் பேத்துட்டு ஆத்தங்குடிக் கல்லு போட்டிருக்கான், அதுவும் மூணு மடங்கு வெலைக்கு.

சாப்பாட்டப் பத்தி கட்டுரையில ஒரு பத்தி இருந்துச்சு, அதுல பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. கறியையும் பாலையும் சேக்கக் கூடாது, பன்னி கூடாது, எறா நண்டு கூடாது, முற்போக்குல அவுகவுக இஷ்டம். தயிர்ப் பச்சடி இல்லாம எப்படி பிரியாணிய எறக்குறாகளோ அது அவுக பாடு. அந்தம்மா சைவம் போதும்னுட்டாக, வெள்ளைப் பணியாரத்தையும் கந்தரப்பத்தையும் ஒரு கை பாத்தாக.

பொம்பள ரபி எப்படின்னு நானே கேட்டேன். அதுக்கு ஒரு கதை சொன்னாக, கேட்டதுலேருந்து மனச விட்டுப் போகல. பெர்லின்ல ரெஜினா யோனாஸ்னு ஒரு டீச்சர், பொம்பள ரபியா இருக்கலாமான்னு அவுக சட்ட நூலுகளையே பொரட்டி ஆய்வு எழுதுனவுக. வெளியிலேருந்து நியாயம் கொண்டாராம பழைய நூலுக்குள்ளயே நின்னு, இருக்கலாம்னு வாதாடி எழுதுனாக. 1935 டிசம்பர்ல பட்டம் வாங்குனாக, உலகத்துல மொத பொம்பள ரபி. ஹிட்லர் காலம், ஆம்பள ரபிக ஒவ்வொருத்தரா ஜெயிலுக்கோ வெளிநாட்டுக்கோ போயிட, இவுகதான் ஊர் ஊராப் போயி பிரசங்கம் பண்ணுனாக. 1942ல தெரேசியன்ஸ்டாட்ங்கிற நாஜி முகாமுக்குக் கொண்டு போனாக, அங்கயும் பேசுனாக, 1944ல ஆஷ்விட்ஸ்ல கொன்னுட்டாக. இதுல எனக்கு ஆறாதது என்னன்னா, கூட இருந்து பொழச்சு வந்த பெரிய பெரிய ஆளுகளே அப்பறம் அந்தம்மா பேர எங்கயும் சொல்லல. 1972ல அமெரிக்காவுல சாலி பிரீசாண்ட்னு ஒருத்தவுக ரபி ஆனப்ப இவுகதான் உலகத்துலயே மொதல்னு எல்லாரும் எழுதுனாக. பெர்லின் சுவரு விழுந்ததுக்கப்பறம் கெழக்கு பெர்லின்ல ஒரு ஆவணக் காப்பகத்துல யோனாஸோட காகிதங்க, ஃபோட்டோ, பட்டம் எல்லாம் கெடைச்சுத்தான் வெளிய தெரிஞ்சுச்சு. உங்க கட்டுரையில "இப்போது பெண்களும் ரபி ஆகிறார்கள்"னு ஒத்த வரியில தாண்டிட்டீக.

இன்னொரு கதை தல்மூதுல, அதான் பழைய ரபிகளோட விவாதத்தத் தொகுத்த நூலு, அதுல வர்றது. ஒரு அடுப்பு தீட்டா இல்லையான்னு ரபிகளுக்குள்ள வழக்கு. எலியேசர்னு ஒருத்தர் மட்டும் தீட்டில்லன்னு நிக்கிறாரு, நான் சொல்றது சரின்னா அந்த மரம் சாட்சி சொல்லட்டும்னா மரம் பேத்துக்கிட்டு நகருது, வாய்க்காத் தண்ணி எதுத்து ஓடுது, சுவரு சாயுது. யாரும் மசியல. கடைசியில வானத்துலேருந்தே அசரீரி, அவர் சொல்றதுதான் சரின்னு. அப்ப யோசுவான்னு ஒரு ரபி எந்திரிச்சு, வேதம் வானத்துல இல்ல, எங்ககிட்ட குடுத்தாச்சு, இனிமே நாங்க கூடிப் பேசி முடிவு பண்ணிக்கிறோம்னு சொல்றாரு. சாமிக்குச் சிரிப்பாம், என் பிள்ளைக என்னைய ஜெயிச்சுட்டாகன்னு. நான் ஒடனே நக்கீரர் கதையச் சொன்னேன், மதுரை தொண்ணூறு கிலோமீட்டர்தான நமக்கு, நெத்திக்கண்ணத் தொறந்தாலும் குத்தம் குத்தந்தான்னு சொன்னவரு, அப்பறம் பொற்றாமரைக் குளத்துல விழுந்தவரு. அந்தம்மா நோட்ட எடுத்து எழுதிக்கப் போயி, சனிக்கெழம எழுதுறதில்லன்னு ஞாபகம் வந்து மூடி வச்சாக. அந்த தல்மூது கதைக்கு ஒரு மிச்சம் இருக்காம், யாரும் அதச் சொல்றதில்லன்னாக: ஜெயிச்ச கூட்டம் எலியேசர ஊரவிட்டுத் தள்ளி வச்சிருச்சு, அந்த மனுசன் தரையில உக்காந்து அழுதாரு. கூடி முடிவு பண்ணுனா மட்டும் அது நியாயமா ஆயிராதுங்கிறதுக்கும் அதே கதைதான் சாட்சின்னாக.

தள்ளி வச்சதுன்னு வந்ததும் நான் என் கதைய எடுத்துட்டேன். வெளியூர்க்காரவுகளுக்குத் தெரியாது, எங்க நகரத்தார்ல கல்யாணம் ஆன ஜோடிதான் ஒரு புள்ளி. ஒம்பது கோயில், எந்தக் கோயிலோ அந்தக் கோயில் மாலை வந்தாத்தான் கல்யாணம். என் மக பெங்களூர்ல கூட வேலை பாத்த மலையாளிப் பையனக் கட்டிக்கிட்டா. தங்கமான பையன். மாலை வரல, புள்ளியில்ல, அது கூட எதிர்பாத்ததுதான். ஆனா பேரன் ஆறு வயசுல பிள்ளையார் நோன்புக்கு வந்திருந்தான். எங்க வீடுகள்ல அன்னைக்கு இருபத்தோரு நூலிழையத் திரிச்சு நெய்யில நனைச்சு, இழை மாவுப் பிள்ளையார்ல குத்தி ஏத்தி, எரியுற சுடரோட எடுத்து வாயில போட்டுக்கிறது. சிங்கப்பூர், நியூஜெர்சி எங்க இருந்தாலும் அன்னைக்கு ராத்திரி எடுத்துருவாக. பேரன் கைய நீட்டுறான், ஒரு சொந்தக்காரரு, பேரு வேணாம், புள்ளியில்லாத பயலுக்கு எதுக்கு இழைன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. வயித்துல இருக்குற பிள்ளைக்குன்னு மாசமா இருக்குறவளுக்கு இன்னொரு இழை சேத்துக் குடுக்குற சனங்க நாம! நானும் வாயத் தொறக்கல. அதான் என் பங்குத் தப்பு.

அந்தம்மா இதக் கேட்டு புத்தி ஒண்ணும் சொல்லல. அவுக பக்கத்துல உள்ளதச் சொன்னாக. அவுக மரபுல அம்மா யூதர்னாத்தான் பிள்ளை யூதப் பிள்ளை, அப்பா மட்டும்னா சேத்தியில்ல. 1983ல அமெரிக்காவுல சீர்திருத்தம்னு பேரு வச்சிருக்குற முற்போக்கு ரபிக கூடி, அப்பா அம்மா ரெண்டுல யாரு யூதர்னாலும் சரி, யூதப் பிள்ளையா வளத்து அத அந்தப் பிள்ளை நாலு பேருக்கு முன்னால ஏத்துக்கிட்டா அது எங்க பிள்ளைதான்னு தீர்மானம் போட்டாக, இங்கிலாந்துல லிபரல்னு சொல்ற முற்போக்கு ஆளுக அதுக்கு முந்தியே அந்த வழி. பழைமைக்காரவுக இன்னைக்கும் ஒத்துக்கலை. இஸ்ரேல்ல முற்போக்கு ரபி பண்ணி வைக்கிற கல்யாணம் சர்க்கார்ல செல்லாது, மதம் மாறி வந்தவுகள அந்த நாட்டுக்குள்ளயே முற்போக்கு ரபி சேத்துக்கிட்டா குடியுரிமைக்கு ஆகும்னு சுப்ரீம் கோர்ட்டு சொன்னதே 2021லதான். இவ்வளவு வருஷம் வெளிய போகாம உள்ள இருந்துக்கிட்டே மல்லுக்கட்டுறதுக்கு ஒரு தெம்பு வேணும்.

அவுக கல்யாணப் பத்திரத்துக்குக் கெதுபான்னு பேரு, புருசன் பொண்டாட்டிக்கு என்னென்ன கடமைப்பட்டவன்னு அராமிக் பாஷையில எழுதுறது, இப்ப முற்போக்குல ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர்னு மாத்தி எழுதுறாக. நான் பெட்டகத்துலேருந்து என் இசைகுடிமானத்த, அதான் எங்க பக்கத்துக் கல்யாணப் பத்திரம், எடுத்துக் காட்டுனேன், ரெண்டு வீட்டு அய்யாமாரு பேரு, அப்பச்சிமாரு பேரு, ஊரு, கோயிலு எல்லாம் வரிசையா இருக்கு. எனக்குச் சம்மதம்னு ஒரு வரி எங்க இருக்குன்னு கேட்டாக. கண்ணாடியப் போட்டு ரெண்டு தடவ படிச்சேன், இல்ல.

நம்ம நாட்டு ஆளுகளையும் உங்க கட்டுரை விட்டுருச்சு. பம்பாயில 1925லயே லிபரல் யூத சங்கம் ஆரம்பிச்சாக, ஆரம்பிச்சவுக ஒரு லேடி டாக்டர், ஜெருஷா ஜிராட், பெனே இஸ்ரேல்ங்கிற மராட்டிப் பக்கத்து யூத சமூகத்துக் குடும்பம், லண்டன்ல படிக்கப் போயி இந்தக் கருத்த எடுத்தாந்தவுக, பின்னால பத்மஸ்ரீ வாங்குனாக. கொச்சியில ஏ.பி.சேலம்னு ஒரு வக்கீல். 1568ல கட்டுன பரதேசி தொழுகைக்கூடத்துல அவர் வகையறாவ அடிமை வம்சம்னு சொல்லி உள்ள சமமா உக்கார விடல. அந்த மனுசன் காந்தி வழியில படிக்கட்டுல உக்காந்தாரு, உள்ள இருந்த வேறுபாட்ட ஒவ்வொண்ணா ஒடைச்சாரு. இத நம்ம தமிழ்நாட்டுக்காரவுக யாருக்கும் வெளக்க வேண்டியதில்ல, கோயில் வாசல்ல நின்ன கதை நம்மகிட்ட நெறைய இருக்கு.

எங்க அய்யாவுக்கு ரங்கூன் மொகல் ஸ்ட்ரீட்ல கடை. பக்கத்துலயே 26வது தெருவுல யூதக் கோயில், இப்பவும் இருக்கு, மஸ்மெயா யெசுவான்னு பேரு. ஜப்பான்காரன் குண்டு போட்டு 1942ல எங்க ஆளுக நடந்தே வந்தாக, அந்த யூத சனமும் பெரும்பாலும் அப்பத்தான் கல்கத்தாவுக்குக் கெளம்பிருச்சு. மெட்ராஸ்ல பவளக்காரத் தெருவுலயும் மொதல்ல பவளம் கொண்டாந்து வைரம் வாங்குன யூத யாவாரிக, அப்பறம் எங்க ஆளுக. இப்ப ரங்கூன் தொழுகைக்கூடத்துல பத்துப் பேரு சேருறதே கஷ்டமாம். பத்துப் பேரு சேந்தாத்தான் செத்தவுகளுக்காகச் சொல்ற கதீஷ் பிரார்த்தனை சொல்லலாம், முன்னால பத்து ஆம்பளை, முற்போக்குல பொம்பளையும் கணக்கு. கொரோனா சமயத்துல கம்ப்யூட்டர்ல பத்து மொகம் தெரிஞ்சாப் போதும்னு முற்போக்கு ஆளுக சொன்னாக, பழைமைக்காரவுக பெரும்பாலும் ஒத்துக்கலை. எங்க தெருவுல பதினாலு வீட்டுல ஒம்பது வீடு பூட்டிக் கெடக்கு, போன தடவ முன்னோருக்குப் போட்ட படைப்புக்குப் பங்காளிக மூணு பேரு வாட்சப் வீடியோவுலதான் கும்புட்டாக, போன புடிச்சுக்கிட்டு நின்ன பயலுக்குக் கை வலிச்சுப் போச்சு. முன்னோர்க கோவிச்சுக்கிட்டதாத் தெரியல.

கடைசியா ஒண்ணு. புதன்கெழம உங்க வாசகர் பகுதியில இந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பா ஒருத்தர், யூதர்னா எல்லாரும் ஒண்ணுதான், காசாவுல நடந்ததுக்கு எல்லாரும் பொறுப்புன்னு எழுதியிருந்தாரு. காசாவுல செத்த பிள்ளைகள நெனச்சா எனக்கும் வயிறு எரியுது. ஆனா அந்தம்மா கூட நாலு நாள் இருந்ததுல நான் பாத்தது, அந்த சர்க்காரு மேல நமக்கு இருக்குற கோவத்த விட அவுகளுக்கு இருக்குற கோவம் கூட, அதே சமயம் அங்க அவுக தங்கச்சி குடும்பமும் இருக்கு, லண்டன்ல இவுக தொழுகைக்கூட வாசல்ல செக்யூரிட்டி நிக்காம ஒரு சனிக்கெழம கூடுறதில்ல. 1963ல வாஷிங்டன்ல மார்ட்டின் லூதர் கிங் அந்தப் பெரிய பேச்சுப் பேசுறதுக்குச் சரியா முந்தி பேசுனது யோவாக்கிம் பிரின்ஸ்னு ஒரு ரபி. ஹிட்லர் காலத்துல பெர்லின்ல ரபியா இருந்து தப்பிச்சு வந்தவரு, அங்க நான் பாத்ததுல வெறுப்ப விட மோசமானது ஊரு வாயத் தொறக்காம இருந்ததுதான்னு கறுப்பின மக்களுக்காக நின்னு சொன்னாரு. எல்லாரும் ஒண்ணுன்னு எழுதுனவரு இவர எந்தக் கணக்குல வைப்பாரு?

போன நோன்புக்குப் பேரன் வந்திருந்தான். அவுகதான், எங்க வீட்டுக்காரவுக, மூத்தவுகங்கிற முறையில எல்லாருக்கும் இழை எடுத்துக் குடுத்தாக. அந்தச் சொந்தக்காரரும் இருந்தாரு. நான் ஒரு இழை கூடப் போட்டு வச்சிருந்தேன், இது பேராண்டிக்குன்னு கொஞ்சம் சத்தமாவே சொன்னேன். பய சூடு பாக்காம வாயில போட்டு மென்னுட்டு இனிப்புப் பத்தலைன்னான். யாரும் ஒண்ணும் சொல்லல, அவரு மட்டும் செருப்பத் தேடுற மாதிரி முகப்புக்குப் போயிட்டாரு.

கட்டுரையில வெட்டுன மிச்சத்த எடம் இருந்தாப் போடுங்க. முடியலன்னாலும் "பாதிரியார்"னு போட்டதுக்கு ஒரு திருத்தம், சின்ன எழுத்துலயாச்சும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பேங்க் ஊழியர், ஒரு ஆச்சி
கண்டனூர், சிவகங்கை மாவட்டம்